தலைத் தீபாவளிக்கு முயல் தின்ற மக்கன் பேடா

தலைத் தீபாவளிக்கு மாமியார் வீட்டுக்குப் போகிற மாப்பிள்ளைக்கு இரண்டு வயிறு வேண்டும். எனக்கு இருந்தது ஒன்றுதான். அதுவும் ஆம்பூர் தோல் மண்டியில் கணக்கெழுதி, மத்தியானத்துத் தயிர்ச்சோற்றோடு அடங்கிப் பழகிய வயிறு.

ஆற்காட்டில் என் மாமியார் கூச்சத்தில் கதவுக்குப் பின்னால்தான் நிற்பார். (ஆனால் என் இலை காலியாவது மட்டும் எப்படியோ தெரிந்துவிடும்!) உடனே ஆற்காட்டின் பேர்போன இனிப்பு, பாகில் ஊறிய மக்கன் பேடா, இன்னொன்று வந்து விழும். வேண்டாம் என்றால் மரியாதைக் குறைவு. என் மனைவி தனம் செல்லமாக வளர்த்த ராணி என்ற வெள்ளை முயல் என் பக்கத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தது. பேடாவை மெல்லக் கீழே இறக்கினேன். ராணி பாகைக்கூட விடாமல் நக்கியது. ராத்திரியும் அப்படியே, காலையிலும் அப்படியே. முயலுக்கு என்னைப் பிடித்துப்போய்விட்டது என்று எனக்கு ஒரே பெருமை.

மத்தியானம் தனம் முகம் வெளுத்து வந்தாள்.

"ராணி புல்லத் தொடமாட்டேங்குது. மூலையில குறுகி ஒக்காந்து பல்ல நறநறங்குது. வயிறு கல்லாட்டம் இருக்கு. காலையிலேர்ந்து ஒரு புழுக்க போடல." பிறகுதான் முயலின் மீசையில் ஒட்டியிருந்த பாகைப் பார்த்தாள். "ஏங்க, இன்னா குடுத்தீங்க இதுக்கு?"

"பேடா… கொஞ்சம் ஜாஸ்தியா…"

"அது புல்லு தின்ற ஜீவன்! நாளெல்லாம் புல்லு உள்ள போனாத்தான் கொடலு ஓடும். கீரையே நான் கம்மியாத்தான் போடுவேன். இதுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் ஆம்பூருக்கு வரமாட்டேன், சொல்லிட்டேன்."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. எனக்கு வயிற்றைக் கலக்கியது. (முயலுக்குக் கலக்கியிருந்தால் பிரச்சினையே இல்லை.)

அவள் முயலின் வயிற்றை மெல்லத் தடவித் தடவி வாயில் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டாள். நான் பாலாற்றங்கரைக்கு ஓடி அருகம்புல் பறித்து வந்தேன். அது கொஞ்சம் நடமாடட்டும் என்று புது வேட்டியோடு கொல்லையில் மண்டியிட்டு, அதன் முன்னால் புல்லை ஆட்டிக்கொண்டே தவழ்ந்தேன். புது மாப்பிள்ளையைப் பார்க்க வந்த உறவுக்காரர்கள் அங்கேயே வந்து என்னை ஆசீர்வதித்துவிட்டுப் போனார்கள்.

சாயங்காலம் சின்னதாக, கறுப்பாக ஒன்று விழுந்தது. பின்னாலேயே இன்னொன்று.

"போட்டுருச்சு! தனம், போட்டுருச்சு!" தெருவே கேட்கும்படி கத்தி, அதை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு கூடத்துக்கே ஓடினேன். மாமியார் கூச்சத்தை மறந்து வெளியே வந்துவிட்டார். ராணி ஒரு புல்லைக் கடித்தது. தனம் சிரித்தாள். கல்யாணத்தன்றுகூட நான் அவ்வளவு சந்தோஷப்படவில்லை.

ஆம்பூருக்குத் தனம், ராணி இருவருமே வந்தார்கள்.

மறு வருஷம் எங்களுக்கு மகன் பிறந்தான். சேதி கேட்டு நான் பேச்சற்று நின்றேன். அப்போது மாமியார் சொன்னதை இன்றைக்கும் எங்கள் வீட்டில் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள்:

"இன்னா மாப்ள, முயலு புழுக்க போட்டதுக்கு ஊரக் கூட்டுனீங்க. எம் பொண்ணு புள்ளையே பெத்திருக்கா, வாயத் தொறக்கமாட்டேங்கறீங்களே!"