சுபேதார் மாமாவுக்கு நான் புடிச்ச பேண்டு செட்

எலெக்‌ஷன் டைம்ல எனக்குக் குடுத்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். பேண்டு செட் புக் பண்றது.

அவ்ளோதான். இத உருப்படியா செய்ய ஒரு ஆளு வேணுமான்னு எங்க அக்கா இன்னைக்கு வரைக்கும் கேக்குது.

மொதல்ல மாமாவ பத்தி சொல்லிடறேன். மாமான்னா அக்கா புருஷன், ஞானப்பிரகாசம். ஆர்மில சுபேதாரா இருந்து ரிட்டயர் ஆனவரு. திருவொற்றியூர்ல வீடு. இன்னமும் காலைல போர்வைய மூலைக்கு மூலை சேத்து மடிச்சு வெச்சுட்டுதான் காபி கேப்பாரு. காபி லேட்டானா திட்ட மாட்டாரு. வாட்ச்ச மட்டும் பாப்பாரு. அதுக்கு அக்கா திட்டே வாங்கிக்கலாம்னு சொல்லும்.

அப்பேர்ப்பட்ட மனுஷன் எம்.பி. எலெக்‌ஷன்ல சுயேச்சையா நிக்கறேன்னு கெளம்பினதுக்கு ஒரு காரணம் இருக்கு. அதுக்கு முந்தின வருஷம் அக்காவுக்கு நெஞ்சு வலி வந்து, ஆம்புலன்ஸ்ல கூட்டிக்கிட்டு வரோம். எண்ணூர் ரோட்டுல ஹார்பருக்குப் போற டிரெய்லர் லாரி வரிசை. முன்னாடியும் போக முடியல, பின்னாடியும் வர முடியல. சைரன் கத்திக்கிட்டே இருக்கு, ஒரு லாரிகூட நகரல. மாமா எறங்கி ஒவ்வொரு டிரைவர்கிட்டயும் கும்பிட்டுக் கேட்டாரு. எல்லைல நின்ன மனுஷன் இன்னொருத்தர்கிட்ட கெஞ்சி நான் பாத்தது அன்னைக்குத்தான்.

அக்கா பொழச்சுது. மாமா ஆபீஸ் ஆபீஸா மனு குடுத்தாரு. ஒருத்தரும் பதில் போடல. "சரி, கேள்வி கேக்கற எடத்துக்கு நானே போறேன்"னு சொல்லிட்டாரு.

அக்கா ஒத்துக்கவே ஒத்துக்கல. வாரக்கணக்கா மூஞ்சிய தூக்கி வெச்சுக்கிட்டு இருந்துது. அது சரின்னு தலையாட்டறதுக்குள்ள மனு தாக்கலுக்குக் கடைசி நாள் கிட்ட வந்துடுச்சு. அன்னைக்கு மத்தியானம் மூணு மணிக்குள்ள மனு குடுக்கணும். இல்லன்னா மாமா வீட்டுல உக்காந்து போர்வை மடிக்க வேண்டியதுதான்.

மாமா ஆளாளுக்கு டூட்டி போட்டாரு. வேட்பாளர்கூட நாலு பேருதான் உள்ள போலாம்னு ரூலு, அதுக்கு அவரோட ஆர்மி தோஸ்துங்க நாலு பேரு. எனக்கு வந்தது பேண்டு.

"பேண்டு எதுக்கு மாமா? ஆட்டோல போய் குடுத்துட்டு வந்துடலாமே"ன்னேன்.

"மச்சான், மிலிட்டரிக்காரன் சத்தம் இல்லாம போனா அது வேவு பாக்கத்தான். நான் ஓட்டு கேக்கப் போறேன்"னாரு.

நான் ராயபுரத்துக்காரன். எங்க மாதா கோயில் பக்கத்துத் தெருவுல அருளப்பன் மாஸ்டர்னு ஒருத்தர் பேண்டு செட் வெச்சிருக்காரு. நல்லதுக்கும் கெட்டதுக்கும் அவருதான். நேரா போனேன்.

"மாஸ்டர், எங்க மாமா எலெக்‌ஷன்ல நிக்கறாரு. மனு தாக்கல் பண்ணப் போறோம். பேண்டு வேணும்."

அவரு என்னைய ஒரு மாதிரி பாத்தாரு. "இப்பவா வெச்சுக்கினு கீறீங்க?"

"ஆமா மாஸ்டர், நாளைக்குக் கடைசி நாளு."

"நல்லா யோசிச்சுக்கினியா?"

"யோசிக்க இன்னா கீது? நீங்க வாங்க மாஸ்டர்."

"உன் இஷ்டம் நைனா. வந்துடறோம்."

இவ்ளோ சுலபமா ஒரு வேலை முடியுதேன்னு எனக்கே என்மேல ஒரு மரியாதை வந்துடுச்சு. வழில நின்னு ஒரு டீ குடிச்சேன். அந்த டீதான் அந்த மொத்த வேலைலயும் சரியா நடந்த விஷயம்.

மறுநாள் எங்க தெருவுலேந்து கெளம்பறதா பிளான். பேண்டு ஆளுங்க சொன்ன நேரத்துக்கு வந்துட்டாங்க. வெள்ளை யூனிஃபார்ம், பளபளன்னு டிரம்பெட். அவங்களுக்குப் பின்னாடி ஒரு குட்டி யானை லோடு வண்டி. அதுல முன்பக்கம் பாத்த மாதிரி மாமா போட்டோ போட்ட பெரிய ஃப்ளெக்ஸ். ஆர்மிக்காரங்க போட்டோவுக்கு சிரிக்க மாட்டாங்க, மாமாவும் சிரிக்கல. வண்டிக்குப் பின்னாடி மாமா, அவரோட ஆர்மி தோஸ்துங்க, எல்லாரும் வெள்ளை சட்டை, வெள்ளை வேட்டி. அக்கா லாரிப் புழுதி தாங்காம கர்ச்சீப்ப மூக்குல வெச்சுக்கிட்டு, கண்ண தொடச்சுக்கிட்டே வருது.

நான் வாங்கிட்டு வந்த மாலைய மாமா கழுத்துல போட்டேன். ரெண்டு நிமிஷத்துல கழட்டிட்டாரு.

"கழுத்த அறுக்குது மச்சான். எங்கயாவது வை."

எங்க வைக்கறது? நல்ல ரோஜா மாலை, தரைல போட மனசு வரல. வண்டில ஏறி, ஃப்ளெக்ஸ்ல இருந்த மாமா போட்டோவுக்கே போட்டுட்டேன். மிச்சம் இருந்த பூவையும் வண்டி முழுக்க தூவி விட்டேன். எறங்கி நின்னு பாத்தேன். அம்சமா இருந்துது.

மாஸ்டர் கை தூக்கினாரு. பேண்டு ஆரம்பிச்சுது.

டம்... டம்... டம்... டிரம்பெட் இழுத்து இழுத்து அழுவுது. என் மாமனாரு அடக்கத்துக்கு வாசிச்ச அதே பாட்டு.

ஓடிப்போய் மாஸ்டர் கைய புடிச்சேன். "மாஸ்டர், இன்னா இது? குத்துப் பாட்டு ஒண்ணு வைங்க."

அவரு வாசிக்கறத நிறுத்தாம, குச்சிய ஆட்டிக்கிட்டே சொன்னாரு. "நைனா, இது தவக்காலம். ஈஸ்டர் வரைக்கும் குத்து, டப்பாங்குத்து எதுவும் கெடியாது. சாமியாருக்கு வாக்கு குடுத்துகீறேன். சாவுக்கு வாசிப்போம், சிலுவைப் பாதைக்கு வாசிப்போம்."

"அப்ப ஏன் வரேன்னு சொன்னீங்க?"

"இப்பவானு கேட்டேன், நல்லா யோசிச்சுக்கினியானும் கேட்டேன். நீ நம்ம கோயில் ஆளுதானே, தெரிஞ்சுதான் கேக்கறனு நெனச்சேன்."

நான் நம்ம கோயில் ஆளுதான். கடைசியா உள்ள போனது கிறிஸ்துமஸுக்கு. அதுவும் கேக்குக்காக.

சரி, பேண்டையே அனுப்பிடலாம்னு மாமாகிட்ட ஓடினேன். அவரு முகம் மலர்ந்து இருந்துது.

"ஸ்லோ மார்ச் மச்சான். எவ்ளோ வருஷம் ஆச்சு கேட்டு. எங்கடா புடிச்ச இவங்கள?"

அப்பறம் எங்க பேண்ட அனுப்பறது. அவரு காலு தானா அடி போட ஆரம்பிச்சுடுச்சு. தோஸ்துங்களும் நெஞ்ச நிமித்தி அதே அடில. டம்முக்கு ஒரு அடி. நத்தை எங்கள முந்திட்டுப் போயிருக்கும்.

இதுல இன்னொரு சங்கதி இருக்கு. எலெக்‌ஷன் ஆபீஸ் இருந்தது பேசின் பிரிட்ஜ் பக்கம். ராயபுரத்துலேந்து பழைய ஜெயில் ரோடு வழியா மூலக்கொத்தளம் தாண்டிப் போகணும். மெட்ராஸ்ல யாரையாவது எழுப்பி மூலக்கொத்தளம்னு சொன்னா, "யாரு போயிட்டாங்க?"ன்னுதான் கேப்பாங்க. அங்க இருக்கற சுடுகாடு அவ்ளோ பேரு வாங்கினது.

மொதல்ல மளிகைக் கடை அண்ணாச்சி. தெக்கத்தி ஆளு. பேண்டு சத்தம் கேட்டதும் ஷட்டர பாதி எறக்கிட்டு, செருப்ப கழட்டிட்டு, கைய கட்டி நின்னாரு. அவர பாத்து அடுத்த கடை. அப்பறம் தெருவே.

மாமா வண்டிக்குப் பின்னாடி, ஃப்ளெக்ஸோட முதுகத்தான் பாத்துக்கிட்டு வராரு. மாலை போட்ட மூஞ்சி அவருக்குத் தெரியாது. அவருக்குத் தெரிஞ்சதெல்லாம் கடை கடையா எழுந்து நிக்கற ஜனம்.

"பாத்தியா மச்சான், யாவாரத்த நிறுத்திட்டு மரியாதை குடுக்கறான்."

எனக்கு அப்பத்தான் போட்டோவுக்கு நான் போட்ட மாலை ஞாபகம் வந்துது.

பாலத்துக்கிட்ட டிரெய்லர் லாரி வரிசை. மொத லாரி டிரைவர் எங்கள பாத்தான், ஓரம் கட்டினான், நெஞ்சுல கை வெச்சுக்கிட்டான். பின்னாடி இருந்த லாரிங்க எல்லாம் ஓரம் கட்டிச்சு. டிராபிக் போலீஸு தொப்பிய சரி பண்ணி சல்யூட் அடிச்சாரு.

மாமா கண்ணு கலங்கிடுச்சு. "ஆம்புலன்ஸுக்கு நகராதவன் இன்னைக்கு நகர்றான் பாரு."

சொல்லிடலாம்னு வாயத் தொறந்தேன். அந்த முகத்த பாத்துட்டு மூடிக்கிட்டேன்.

ஒரு ஆயா வந்து மாமா கைய புடிச்சுக்கிட்டாங்க. "உங்க அண்ணாரா நைனா? அப்டியே உன் ஜாடை. மனச தேத்திக்கோ."

மாமாவுக்கு டம் டம் சத்தத்துல பாதிதான் கேட்டுது போல. கைய கூப்பி, "உங்க ஆதரவு வேணும்மா"ன்னாரு.

"எங்க ஆதரவு இல்லாமயா? நாங்கல்லாம் கீறோம்யா."

சொன்னதோட நிக்கல, கூடவே நடந்து வந்தாங்க. அவங்களோட அவங்க தெருக்காரங்க. எங்க ஏரியால சாவுன்னா யாருன்னு கேக்க மாட்டாங்க, நாலு அடி கூட நடந்துட்டுத்தான் கேப்பாங்க. அண்ணாச்சியும் டிவிஎஸ் ஐம்பத தள்ளிக்கிட்டு வந்துட்டாரு. திரும்பிப் பாத்தா ரோடு முழுக்க தலை. நாங்க தாண்டின வீட்டு வாசல்ல எல்லாம் தண்ணி ஊத்திக் கழுவறாங்க.

மணி ரெண்டரை தாண்டிடுச்சு. நான் பின்னாடி அண்ணாச்சிகிட்ட மாட்டிக்கிட்டு நிக்கறேன். "எப்பம் தவறினாவ?"ன்னு கேக்கறாரு. அந்த நேரத்துல பேண்டு சுடுகாட்டுப் பக்கம் திரும்பிடுச்சு.

மாஸ்டர குத்தம் சொல்ல முடியாது. அந்தப் பாட்டு வாசிச்சுக்கிட்டு அந்த ரோட்டுல வந்தா அவரு காலு அங்கதான் திரும்பும், வருஷக் கணக்கா பழக்கம். பேண்டு பின்னாடி வண்டி, வண்டி பின்னாடி மாமா, மாமா பின்னாடி ஊரே.

நான் கூட்டத்த பொளந்துக்கிட்டு ஓடினேன். அதுக்குள்ள சுடுகாட்டு கேட்டு வந்துடுச்சு. வாட்ச்மேன் வண்டிய சுத்திக்கிட்டு மாமாகிட்ட வந்துட்டாரு.

"எல்லாரும் உள்ள வராதீங்க. நாலு பேரு போதும்."

"ரூல் தெரியும் சார்"னாரு மாமா. தோஸ்துங்கள காட்டி, "நாலு பேரு ரெடியா இருக்காங்க."

வாட்ச்மேன் வண்டிக்குள்ள எட்டிப் பாத்தாரு. "பூவுதான் கீது. பாடி எங்க?"

பேண்டு நின்னுடுச்சு. மாமா மெதுவா வண்டிக்கு முன்பக்கம் நடந்து போனாரு. சுடுகாட்டு கேட்ட பாத்தாரு. மாலை போட்ட தன்னோட போட்டோவ பாத்தாரு. அப்பறம் என்னைய பாத்தாரு.

"போட்டோல கீறவரு பாடிய கேக்கறேன்பா, எங்க?"

பொய் சொல்லிப் பழக்கம் இல்லாத மனுஷன். "நான்தாங்க அது"ன்னாரு.

வாட்ச்மேன் ரெண்டு அடி பின்னாடி போயிட்டாரு. ஆயா நெஞ்சுல கை வெச்சுக்கிட்டாங்க. "அப்ப உங்க அண்ணாரு?"

"எனக்கு அண்ணனே கெடையாதும்மா."

அண்ணாச்சிதான் மொதல்ல சுதாரிச்சாரு. "உசுரோட இருக்க மனுசனுக்கா வே நான் கடைய அடைச்சேன்?"

அக்கா கர்ச்சீப்ப எடுத்துட்டு எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லி என்னைய காட்டிச்சு. "இதோ நிக்குதே, இதுதான் பேண்டு புடிச்சுது, இதுதான் மாலையும் போட்டுது. இத கேளுங்க."

அத்தன பேரும் ஒரே நேரத்துல என்னைய பாத்தாங்க. அங்கேயே ஒரு குழி காலியா இருந்தா நானே போய் படுத்திருப்பேன்.

மாமா மட்டும் வாட்ச்ச பாத்தாரு. மூணு ஆகப் போவுது.

வேட்டிய மடிச்சுக் கட்டினாரு. "டபுள் மார்ச்!"

ஓட ஆரம்பிச்சுட்டாரு. தோஸ்துங்க பின்னாடியே ஓடினாங்க. அண்ணாச்சி டிவிஎஸ்ஸ ஸ்டார்ட் பண்ணி, "ஏறும் வே"ன்னு மாமாவ பாதி வழில அள்ளிப் போட்டுக்கிட்டாரு. ஆயா ஓடறாங்க. டிரம்மு தூக்கிக்கிட்டு பேண்டு ஓடுது. டீக்கடைல நின்ன ஒருத்தன் ஃப்ளெக்ஸையும் பாத்துட்டு டிவிஎஸ்ஸையும் பாத்துட்டு, "மாமு, பொணம் எழுந்து பில்லியன்ல போவுதுடா"ன்னான்.

எலெக்‌ஷன் ஆபீஸ் கேட்ட சாத்தப் போற நேரத்துல மாமா உள்ள நுழைஞ்சுட்டாரு.

நான் வெளிய பிளாட்பாரத்துல உக்காந்துட்டேன். மாஸ்டர் பக்கத்துல வந்து உக்காந்தாரு. "ஈஸ்டர் கழிச்சு வந்திருந்தீனா பிரமாதமா வாசிச்சுருப்பேன்"னாரு.

மாமா வெளிய வந்தாரு. மனுவ வாங்கிக்கிட்டாங்களாம். நான் எழுந்து, "மன்னிச்சுடுங்க மாமா"ன்னேன்.

அவரு தோள்ல கை போட்டாரு. "விடுறா. நாம செத்தா யாரு வருவாங்கன்னு உயிரோட இருக்கறப்பவே பாக்கறதுக்கு எத்தன பேருக்குக் குடுத்து வெச்சிருக்கு? எவ்ளோ ஜனம் பாத்தியா."

அப்பறம் பிரச்சாரத்துக்கு அதே தெருவுங்களுக்குப் போனோம். எல்லாரும் சிரிச்சாங்க, மோர் குடுத்தாங்க, ஆயா ஆரத்தியே எடுத்தாங்க. எல்லாரும் கண்டிப்பா வரோம்னாங்க.

ஓட்டு எண்ணி முடிச்சப்பதான் தெரிஞ்சுது, சாவுக்கு வந்த கூட்டத்துல பாதிகூட ஓட்டுக்கு வரலன்னு.