சாவி அண்ணன் மாட்டிய அகலச் சக்கரம்

இந்த உலகத்தில் சகலத்தையும் சாவியால் அளந்த ஒரே மனுசன் எங்கள் சாவி அண்ணன்தான். எந்தக் கோர்ட்டில் கூப்பிட்டுக் கேட்டாலும் வந்து சொல்லுவேன். நாமெல்லாம் ஒரு விரல்கடை, ஒரு சாண் என்போம். அவர் 'ஒரு பீரோ சாவி', 'ரெண்டு மாங்காய்ப்பூட்டுச் சாவி' என்பார். தோசை தடிமனாக வந்துவிட்டால் போதும், "ஏம்ப்பா, கோயில் கதவுச் சாவி கனத்துக்கு ஊத்தியிருக்க?" என்று ஓட்டல்காரரிடம் மல்லுக்கு நிற்பார். நாகல் நகரில் பூட்டுப் பட்டறை. இடுப்பில் எந்நேரமும் நாற்பது சாவி தொங்கும். அவருடைய நிஜப்பேர் ரேஷன் கார்டுக்கும் கர்த்தருக்கும் மட்டும்தான் தெரியும்.

என்னைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன், சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. நான் அஞ்சாங்கிளாஸோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். வேடசந்தூர் ரோட்டில் ஒரு காற்றடிக்கிற பம்பும் ஒரு தண்ணீர்ச் சட்டியுமாக உட்கார்ந்தவன். இன்றைக்கு மூன்று டயர் கடை. டயர் ரோட்டில் உருளுகிற சத்தத்தைக் கேட்டே உள்ளே எவ்வளவு காற்று இருக்கிறதென்று சொல்லுவேன். இன்ஜினியரிங் படித்தவர்கள் கையைக் கட்டிக்கொண்டு என்னிடம் சந்தேகம் கேட்டிருக்கிறார்கள். அப்பேர்ப்பட்ட என்னையே நாலு மாசம் தண்ணி காட்டியவர் சாவி அண்ணன்.

சங்கதி இதுதான். அண்ணனிடம் ஒரு பழைய கறுப்பு மோட்டார் சைக்கிள் இருந்தது. எருமை மாதிரி கனம், ஆட்டுக்கால் மாதிரி டயர். அவர் சம்சாரம் எரியோட்டுப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். தினமும் காலையில் அண்ணன்தான் பின்னால் உட்காரவைத்துக் கொண்டுபோய் விடுவார். ஒருநாள் எரியோட்டுக்கு முன்னால் ஒரு மண் திருப்பத்தில் வண்டி சறுக்கி ரெண்டு பேரும் விழுந்தார்கள். பெரிய அடி இல்லை. டிபன் கேரியர்தான் நசுங்கி, சோறும் வெஞ்சனமும் ரோட்டில் கிடந்தது. டீச்சர் எழுந்து, சேலையில் இருந்த புளிக்குழம்பைத் துடைத்துவிட்டு, நடுரோட்டில் நின்று சொன்னார்: "அந்தோணியார் மேல சத்தியமாச் சொல்றேன். இனிமே இந்த வண்டியில நான் ஏற மாட்டேன்."

மறுநாளிலிருந்து டீச்சர் பஸ்ஸில் போனார். அண்ணன் என்ன செய்தார் தெரியுமா? அந்த பஸ்ஸுக்குப் பின்னாலேயே வண்டியில் போனார். பஸ் நின்றால் இவரும் நிற்பார். பஸ் கிளம்பினால் இவரும் கிளம்புவார். ஒரு வாரம் பார்த்த கண்டக்டர், "யாரும்மா அந்த ஆளு? தெனமும் உங்க பின்னாடியே வாராரு. போலீசுல சொல்லவா?" என்றிருக்கிறார்.

"வேணாம்ப்பா, எங்க வீட்டுக்காரருதான்" என்றாராம் டீச்சர், ஜன்னல் பக்கம் திரும்பாமலேயே.

ரெண்டாயிரம் பிறந்து நாலைந்து வருசம் இருக்கும். கொழுத்த பின்டயரோடு புது வண்டிகள் ஊருக்குள் வர ஆரம்பித்த நேரம். அண்ணனுக்கு அதைப் பார்த்துப் புத்தி விழித்துக்கொண்டது. பிரியாணிக்கடை வாசலில் நிற்கிற வண்டிகளுக்குப் பின்னால் குத்தவைத்து, டயர் அகலத்தைச் சாவியால் அளக்க ஆரம்பித்தார். யாரோ ஒருத்தர் வண்டிக்குப் பக்கத்தில், கையில் நாற்பது சாவியோடு ஒரு ஆள் குனிந்திருந்தால் ஊர் என்ன நினைக்கும்? ஒரு வண்டிக்காரர் கடித்த எலும்பும் கையுமாக ஓடிவந்து சட்டையைப் பிடித்துவிட்டார். நான்தான் போய் மீட்டுக்கொண்டு வந்தேன்.

"ஏண்ணே, உங்களுக்கு எதுக்கு இந்த வேல?"

"ஏலே அப்பு, அம்புட்டுக் கனத்த வண்டிக்கு இம்புட்டு ஒல்லி டயரு இருந்தா மண்ணுல சறுக்காம என்ன செய்யும்? அகல டயரு மாட்டிட்டேன்னு வையி, டீச்சரு தானா வந்து ஏறுவா."

"ஏறுவாங்களா?"

"ஏறணும்டா." அதைச் சொல்லும்போது அண்ணன் இடுப்பில் சாவி ஒன்றுகூட ஆடவில்லை. அதனால்தான் நான் ஒத்துக்கொண்டேன்.

முதல் காரியமாக, நான் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லியும், பழைய ஒல்லி ரிம்மிலேயே அகல டயரை ஏற்றினார். குண்டு ஆளுக்குச் சின்ன பனியன் போட்டால் எப்படி இருக்கும்? இடுப்பு இறுகி வயிறு பிதுங்கும். டயரும் அப்படித்தான் நின்றது. நடுவயிறு மட்டும் தரையில் பட்டது. வண்டி முன்னைவிட அதிகமாகப் பம்பரம் சுற்றியது.

"ரிம்மும் அகலமா வேணும்ணே" என்றேன். மூன்றாம் நாள் பழைய இரும்புக்கடையில் இருந்து ஒரு புது மாடல் வண்டியின் பின்சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். மாட்டினால், ஓடுகிற செயின் டயரின் கன்னத்தில் உரசியது. அண்ணன் யோசிக்கவே இல்லை. சக்கரத்தை வலது பக்கமாக ரெண்டு பீரோ சாவி அளவுக்குத் தள்ளிவைத்து முடுக்கிவிட்டார். அன்றைக்கு நல்ல மழை. ஈர மண்ணில் முன்சக்கரம் ஒரு தடம், பின்சக்கரம் பக்கத்திலேயே இன்னொரு தடம். டீக்கடைக்காரர் எட்டிப்பார்த்து, "ஏண்ணே, வண்டி ஓட்டுறீகளா, நண்டு ஓட்டுறீகளா?" என்றார்.

அப்புறம்தான் நான் கையை வைத்தேன். நான் கை வைத்து எந்த வேலை கெட்டிருக்கிறது? லேத்துக்கார பாயிடம் சொல்லி, செயின் ஓடுகிற பல்சக்கரங்களை முன்னும் பின்னும் வெளியே தள்ளிவைக்க வளையம் கடைந்து வாங்கினேன். பாய் வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "என்னண்ணே, கிழவருக்கு பூட்ஸ் மாட்டுறீங்க?" என்றார். சக்கரத்தை நடுவுக்கு இழுத்து மாட்டினோம். முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் வரை நூல் பிடித்துப் பார்த்தேன். ஒரு இம்மி பிசகில்லை.

பிரச்சினை மட்கார்டில் வந்தது. டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே எவ்வளவு இடம் விடுவது? அண்ணன் ஒரே ஒரு மாங்காய்ப்பூட்டுச் சாவியை நுழைத்துப் பார்த்து, "போதும்" என்றார்.

"பத்தாதுண்ணே. ஆளு உக்காந்தா வண்டி அமுங்கும்."

"இடைவெளி விடுறவன் பூட்டுக்காரனே இல்லடா. காத்து போற எடம் இருந்தா களவாணி போற எடம் இருக்குன்னு அர்த்தம்."

"இது பூட்டு இல்லண்ணே, சுத்துற சாமான்! சரி, டீச்சர் எத்தன கிலோ? அதச் சொல்லுங்க, கணக்குப் பாப்போம்."

அண்ணன் அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "இருவத்திரெண்டு வருசமா கேக்காதத இப்பப் போயி கேட்டு நான் சாகவா?"

ஆகவே ஒரு அரிசி மூட்டை வந்தது. கயிறு போட்டால் சாக்கு கிழியும் என்று, டீச்சரின் பழைய பச்சைச் சேலையை மூட்டையைச் சுற்றிக் கட்டி, முந்தானையைத் தன் இடுப்போடு முடிந்துகொண்டு கிளம்பினார். ஐம்பதடி போவதற்குள் டயர் மட்கார்டை அரம் போட ஆரம்பித்தது. ரப்பர் தீய்ந்த வாடையில் தெருவே மூக்கைப் பொத்தியது. அண்ணன் இறங்கினார். நாலு சாவி உயரத்துக்கு மட்கார்டைத் தூக்கி மாட்டினார். சொந்தப் பட்டறைக் கதவை ராத்திரி திறந்து போட்டுவிட்டு வந்தவர் மாதிரி முகம். ஆனால் அதற்கப்புறம் வண்டி உரசவே இல்லை. ஒரு வாரம் அதே மூட்டையோடு அந்த எரியோட்டு மண் திருப்பத்தில் போய்ப் போய் வந்தார். சிங்கம் மாதிரி நின்றது.

அங்கேதான் வினை. தூரத்தில் இருந்து பார்க்கிறவர்களுக்கு மூட்டை தெரியுமா? பச்சைச் சேலைதான் தெரியும். பள்ளிக்கூடத்து டீச்சர்கள் உட்காரும் அறைக்குச் சேதி போய்விட்டது: "உங்க வீட்டுக்காரரு பின்னாடி ஒரு அம்மா தெனமும் போவுது. நல்லா வாட்டசாட்டமா. இடுப்பச் சேத்துப் பிடிச்சிக்கிட்டு."

அன்றைக்குச் சாயங்காலம் என் கடை வாசலில் பஸ் நின்றது. டீச்சர் இறங்கினார். கையில் குடை. வானத்தில் மேகமே இல்லை.

"எங்க அவ?"

அண்ணன், அங்கேயே நின்ற வண்டியின் பின்சீட்டில் இருந்த மூட்டையைக் காட்டினார். டீச்சர் சேலையைத் தொட்டுப் பார்த்தார். மூட்டையைச் சுற்றி வந்தார்.

"இது எதுக்கு?"

"நீ உக்காந்தா வண்டி தாங்குதான்னு பாக்க…"

"எத்தன கிலோ?"

"எழுவத்தஞ்சு."

நான் பார்க்காத ஆபத்தில்லை. லாரி டயர் வெடித்து என் காதோரம் பறந்திருக்கிறது. ஆனால் அந்த நிமிசம் நான் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டேன்.

"நான் அறுவத்திரெண்டுங்க!"

"இருக்கட்டும் டீச்சர், பத்துப் பதிமூணு கிலோ பத்திரத்துக்காக…" என்றார் அண்ணன்.

டீச்சர் அப்படியே டயர் அடுக்கு மேல் உட்கார்ந்துவிட்டார். கோபமா சிரிப்பா என்று எனக்குப் பிடிபடவில்லை. "நாலு மாசமா இதையா செஞ்சீங்க? நாம விழுந்தது டயராலன்னு யாரு சொன்னா? ஓட்டும்போது நீங்க தலையப் பின்னால திருப்பித் திருப்பிப் பேசுனீங்க. அன்னைக்கும் திருப்பத்துல என்னப் பாத்துட்டிருந்தீங்க, ரோட்டப் பாக்கல. அதான் விழுந்தோம்."

"நீ பதிலே சொல்ல மாட்டேங்குற. சிரிக்கிறியா முறைக்கிறியான்னு திரும்பிப் பாத்தாத்தான தெரியும்?"

அண்ணன் இதை ரகசியமாகச் சொல்லவில்லை. நாலு வாடிக்கையாளர்கள் நிற்கும்போது சொன்னார். டீச்சர் குடையை விரித்து மடக்கினார்.

நான் எழுந்தேன். என் கடையில் தூசி அடைந்து கிடந்த ஒரு வட்டக் கண்ணாடியை எடுத்து ஹேண்டில் பாரில் மாட்டினேன். நாலு மாச வேலையை நாலு நிமிசத்தில் முடித்தவன் நான் என்பதை இந்த இடத்தில் குறித்துக்கொள்ளுங்கள். "அண்ணே, இனிமே பின்னால பாக்கணும்னா இதுல பாருங்க. கழுத்தத் திருப்பாதீக."

அண்ணன் வண்டியில் ஏறிக் கண்ணாடியைச் சரிசெய்தார். டீச்சரைப் பார்த்தார். "ஆனா அந்தோணியாரு மேல சத்தியம் பண்ணிட்டியே" என்றார். அவர் குரல் அவ்வளவு சின்னதாக வந்து நான் கேட்டதில்லை.

டீச்சர் குனிந்து அந்த அகலச் சக்கரத்தைச் செத்த நேரம் பார்த்தார். விரலால் ஒரு தட்டுத் தட்டினார். "நான் சத்தியம் பண்ணுனது அந்த வண்டிக்கு. அதுக்குச் சக்கரம் ஒல்லியா இருந்துச்சு. இது வேற வண்டிதான?" என்று சொல்லிக்கொண்டே மூட்டையைக் கண்ணால் காட்டி, "மொதல்ல அவள எறக்குங்க" என்றார்.

இறக்கினோம். ஏறினார். போனார்கள். நூல் பிடித்த மாதிரி ஒரே தடம்.

டீச்சர் ரிட்டயரான பிறகு ரெண்டு பேரும் திருச்சியில் இருக்கிற மகள் வீட்டோடு போய்விட்டார்கள். அண்ணனுக்கு முழங்கால் மடங்குவதில்லை. வண்டியை என்னிடம் விட்டுவிட்டு, "வாரம் ஒருதரம் ஓட்டிவையி அப்பு" என்று சொல்லிப் போனார். ஓட்டுகிறேன். அந்த வட்டக் கண்ணாடியில் ரோடு தெரியாது. பின்னால் உட்காருகிறவர்களின் முகம் இருக்க வேண்டிய இடம் மட்டும்தான் தெரியும். கடை ஆட்கள் அதைத் திருப்பிவைக்க வந்தால் கையில் ஒரு போடு போடுவேன். பின்னால் லாரி வருகிறதா என்று பார்க்க வேண்டுமென்றால், நான் என் கழுத்தைத் திருப்பிக்கொள்கிறேன்.