ஃபிடிலில் வைத்த குங்குமம்

அன்று சரஸ்வதி எங்களைத் தண்டித்தாளா, ஆசீர்வதித்தாளா? இன்றுவரை எனக்கு விடை தெரியவில்லை.

என் கணவர் வேலு ரங்கூனை ஒட்டிய இன்சீன் ரயில்வே குடியிருப்பில் வளர்ந்தவர். அமெரிக்கத் தென் மாநிலங்களின் ராக் இசையைக் கேசட் தேயத் தேயக் கேட்டே கிட்டார், மாண்டலின், ஃபிடில், மௌத் ஆர்கன் எல்லாம் பழகிக்கொண்டார். (நம் கல்யாணங்களில் அதை வாசித்தால், "தம்பி, பந்தி போட்டாச்சு, நிறுத்து" என்பார்கள்.) ரங்கூனில் அந்த இசைக்குச் சோறு போட ஒரே ஓர் இடம்தான் இருந்தது: எண்ணெய்க் கம்பெனி அமெரிக்கர்கள் தங்கும் ஹோட்டல். அங்கே நிரந்தர வேலை கிடைத்தால் எங்களோடு இருப்பார். இல்லையென்றால் அவருக்கு மலேசியாவில் தொழிற்சாலை வேலை. எனக்கும் கைக்குழந்தைக்கும் ரங்கூன் தாமுவே பேட்டை வீட்டில் தனிக்குடித்தனம்.

விஜயதசமிக்கு மறுநாள் வந்து வாசித்துக் காட்டச் சொல்லியிருந்தார்கள். அதை நம்பி, சரஸ்வதி பூஜையன்று வாத்தியங்கள் அத்தனைக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். நான் எதையும் அரைகுறையாகச் செய்ய மாட்டேன். ஃபிடிலில் தாடை பதியும் இடத்தில்கூடக் குங்குமத்தைக் குழைத்து அப்பினேன். மத்தியானம் கீழ்வீட்டு போனில் செய்தி வந்தது: இன்று மாலையே வரவும்.

"மறுபூஜை பண்ணாம தொடக்கூடாதுங்க!"

"அதை மேனேஜர்கிட்ட நீயே சொல்லு. படிச்சவதானே?"

"சாமி குத்தம் ஆயிடும்."

"சரி விடு. மலேசியாவுலயும் சரஸ்வதி இருக்கா. அங்க போய்க் கும்பிட்டுக்கறேன்."

அதற்கு மேல் பக்தி எனக்கு வரவில்லை. அவசரமாகக் கற்பூரம் காட்டி, கிட்டாரைத் துடைத்துக் கொடுத்தேன். ஃபிடில் அதற்குள் பெட்டிக்குள் போய்விட்டது. பயத்தில் நானும் குழந்தையோடு கிளம்பினேன்.

கிட்டார் அருமையாகப் போனது. அடுத்து ஃபிடில். மேடை விளக்குச் சூட்டில் அவருக்கு வியர்த்துக் கொட்டியது. திடீரென்று தாடையிலிருந்து கழுத்துக்குச் சிவப்பாக வழிந்தது. அவரோ கண்ணை மூடிக்கொண்டு வாசிக்கிறார்!

"ஐயோ, ரத்தம்!" என்று அலறிக்கொண்டு, இடுப்பில் குழந்தையோடு மேடையேறினேன். குழந்தைக்கு வைத்திருந்த துணியால் அவர் கழுத்தை அழுத்திப் பிடித்தேன். மூக்கில் சந்தன வாசனை ஏறிய பிறகுதான் மூளை வேலை செய்தது.

"செல்வி, இது நீ வச்ச குங்குமம். இறங்கு" என்றார், வில்லை நிறுத்தாமல்.

முன்வரிசை அமெரிக்கர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். ரத்தம் கொட்டினாலும் நிறுத்தாத கலைஞன் என்று நினைத்திருக்க வேண்டும். மேனேஜர் சிரித்து முடித்துவிட்டுப் பர்மியில், பெயருக்கு முன் மரியாதைக்கு ஒரு 'கோ' சேர்த்துச் சொன்னார்: "கோ வேலு, நாளையிலிருந்து வேலைக்கு வா. பெண்டாட்டியை மட்டும் கூட்டி வராதே."

என் மகளுக்கு இப்போது ஏழு வயது. அவள் முழங்காலைச் சிராய்த்துக்கொண்டால் அப்பாவின் முதலுதவி இதுதான்: "மெதுவா அழு. அம்மா மேடையேறிடப் போறா."

இந்த வருடமும் பூஜையன்று ஹோட்டலில் கச்சேரி வைத்திருக்கிறார்கள். ஃபிடிலைச் சரஸ்வதி முன் வைக்கட்டுமா, வேண்டாமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இன்னொரு ஃபிடில் வாங்கச் சொல்லி மட்டும் யோசனை தராதீர்கள். அதை வேலு ஏற்கெனவே சொல்லிவிட்டார்.