கரி வண்டியின் பின் சீட்டு

வரலாற்றைக் காப்பாற்றுவது என்று நான் முடிவெடுத்தபோது அன்னபூரணி கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"எங்க வச்சு காப்பாத்தப் போறீங்க?"

"கொல்லைல."

"கொல்லைல என் முருங்கை நிக்கிதுங்க."

"அதுக்குப் பக்கத்துல."

வரலாறு என்று நான் சொன்னது ஒரு பஸ்ஸை. காரைக்காலுக்கும் நாகப்பட்டினத்துக்கும் ஓடிய வண்டி. யுத்த காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல், பின்னால் கரி அடுப்பைக் கட்டிக்கொண்டு புகைவிட்டபடி ஓடியது. அதனால் ஊரில் கரி வண்டி என்றே பெயர் நிலைத்துவிட்டது. பிரெஞ்சுக்காரன் போனான், எல்லையில் சுங்கச் சாவடி போயிற்று, புது பஸ்கள் வந்தன. கரி வண்டிக்கு ஓய்வு கொடுத்தார்கள். அதன் கண்டக்டர் தெட்சிணாமூர்த்திக்கும் கொடுத்தார்கள். அது அடியேன்தான். முதலாளி சேக் அலாவுதீன் எஞ்சினைக் கழற்றி நெல் மில்லுக்கு அனுப்பிவிட்டு மிச்சத்தை என் தலையில் கட்டினார். இரண்டு ஜோடி மாடுகள் இழுத்து வந்து கொல்லையில் விட்டன.

உங்களிடம் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு வரலாறு முக்கியமில்லை. பின் சீட்டு முக்கியம்.

என் சர்வீஸ் முழுவதும் அந்த வண்டியில் நான் உட்கார்ந்ததே இல்லை. டிக்கெட் கிழிப்பதும் நான், கரி கிளறுவதும் நான். ரேடியேட்டர் கொதித்தால் குடத்தோடு வாய்க்காலுக்கு ஓடுவதும் நான். "ஒரு நாள் உக்காந்திருப்பேனா?" என்று கல்யாணமான நாளிலிருந்து அன்னபூரணியிடம் மார்தட்டி வந்தேன். ஆனால் அந்த நீளமான பின் சீட்டில் யாராவது சாய்ந்து தூங்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். வீட்டில் மதியம் கண்ணை மூடினால் தண்ணீர் எடுக்கச் சொல்வாள், விறகு பிளக்கச் சொல்வாள். பஸ்ஸுக்குள் போய்ப் படுத்தால் வரலாற்றுப் பணி. யார் கேட்க முடியும்?

பணி லேசானதாக இல்லை. காலையில் தகரத்தைத் துடைத்தால் கடல் காற்றில் மாலைக்குள் உப்புப் பூத்துவிடும். உப்பைத் தேய்த்தால் தகரமே கையோடு வந்தது. மரச்சட்டத்தில் கரையான். டிரைவர் சீட்டில் பக்கத்து வீட்டு நபீசாவின் கோழி அடைகாத்தது. புது பெயிண்ட் அடிக்கலாம் என்று சுரண்டினேன். பச்சைக்குக் கீழே நீலம் இருந்தது. நீலத்துக்குக் கீழே சிவப்பு. எந்த நிறம் வரலாறு?

"துரு நிறத்தையே வச்சுக்கங்க. அதுதான் உள்ளேருந்து வருது" என்றாள் அன்னபூரணி.

நகராட்சிக்கு, அதாவது எங்களூர் பேச்சில் மேரிக்கு, போய்ப் பழம்பொருளாகப் பதிந்துகொள்ளக் கேட்டேன். "ஓடுமா?" என்றார் குமாஸ்தா. ஓடாது என்றேன். "அப்ப அது பஸ் இல்லய்யா. தகரம்" என்று அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

இவ்வளவு பாடுபட்டதில் பின் சீட்டில் படுக்கவே நேரம் கிடைக்கவில்லை. ஒருவழியாகச் சீட்டுக்குப் புதுத் தேங்காய் நார் திணித்து, நாளை மதியம் படுத்துவிடுவது என்று இருந்தபோது முத்தையன் வந்து நின்றான். பழைய இரும்பு வாங்குகிறவன். வண்டியை ஒரு சுற்று சுற்றி அங்கங்கே தட்டிப் பார்த்தான்.

"நான்தாங்க வரச் சொன்னேன்" என்றாள் அன்னபூரணி. நபீசா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு ரத்தம் கொதித்தது.

"இது வரலாற்று வண்டி. ஒரு ஆணியத் தொட விடமாட்டேன். ஓடின காலத்துல எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கணும்."

"அப்படியேவா?"

"அப்படியே."

"ஒண்ணும் மாறக் கூடாதா?"

"மாறக் கூடாது. என் மேல சத்தியம்."

"கேட்டுக்கிட்டியா நபீசா?" என்றாள் அன்னபூரணி. "நீ போப்பா முத்தையா. அவங்க சொன்னா சரிதான்."

முப்பது வருஷ தாம்பத்தியத்தில் அவள் இவ்வளவு சீக்கிரம் தோற்றதில்லை. நான் அப்போதே சுதாரித்திருக்க வேண்டும்.

மறுநாள் மதியம் பின் சீட்டில் காலை நீட்டினேன். அடடா. முதுகு நாரில் புதைந்தது. கண் சொக்கும் நேரம், பேச்சுச் சத்தம். நபீசா ஏறினாள். எதிர் வீட்டுச் செல்லம் ஏறினாள். தெருவில் பாதி ஏறியது. முறமும் வெற்றிலைப் பெட்டியுமாகக் கடைசியில் அன்னபூரணி.

"என்ன இது?"

"பொம்பளைங்க முன்னாடி சீட்டு. பழைய ரூல்தானே?"

"சரி, உக்காருங்க. நான் பின்னாடி படுத்திருக்கேன்."

"பின்னாடியும் ஆள் வருது. எந்திரிங்க."

"நான் எதுக்கு எந்திரிக்கணும்?"

"கண்டக்டர் எந்தக் காலத்துல உக்காந்தாரு? நீங்கதானே சொல்லுவீங்க, ஒரு நாள் உக்காந்திருப்பேனான்னு?"

"அது ஓடின காலத்துல..."

"ஓடின காலத்துல எப்படியோ அப்படியேன்னு சத்தியம் பண்ணுனீங்களேண்ணே" என்றாள் நபீசா.

எழுந்தேன். மேல்கம்பியைப் பிடித்து நின்றேன். கால் வலித்தது, அழுகை வரும் போலிருந்தது. அவர்கள் பருப்புப் புடைத்தார்கள், வெற்றிலை போட்டார்கள், சம்பந்திகளைத் திட்டினார்கள். நான் திணித்த நாரில் செல்லம் சாய்ந்து குறட்டை விட்டாள்.

"ஏங்க, வண்டி கொதிக்குது."

"எஞ்சினே இல்லாம எப்படிடி கொதிக்கும்?"

"எங்களுக்குக் கொதிக்குது. கரி வண்டில யாரு குடத்தத் தூக்கிக்கிட்டு எறங்குவா?"

குடம் படிக்கட்டிலேயே தயாராக இருந்தது.

தினமும் இதே கதை. மதியம் மூன்று மணிக்குப் பெண்கள் ஏறுவார்கள். நான் நிற்பேன். தண்ணீர் சுமப்பேன், கரிக்குப் பதில் விறகு பிளப்பேன். வாரக் கடைசியில் என் கால் என்னைக் கேட்காமலே முத்தையன் கடைக்குப் போயிற்று.

"முத்தையா, அந்த வண்டிய எடுத்துக்க. சும்மாவே எடுத்துக்க."

முத்தையன் தலையைச் சொறிந்தான். "முடியாதுண்ணே. அண்ணி முன்னாடியே சொல்லிட்டாங்க."

"என்னன்னு?"

"ஒரு வாரத்துல அவரே வந்து கேப்பாரு, எடுத்துடாதேன்னு. அன்னிக்குக்கூட வெலைக்குக் கூப்புடலண்ணே. சும்மா வந்து நாலு தட்டு தட்டிட்டுப் போன்னுதான் சொன்னாங்க."

என் முகத்தைப் பார்த்தே அவனுக்குப் பாவமாகிவிட்டது. பெஞ்சில் கிடந்த இரும்பைத் தள்ளி இடம் பண்ணினான்.

"உக்காருங்கண்ணே. டீ சொல்றேன்."

"வேணாம் முத்தையா" என்றேன். "மூணு மணிக்கு வண்டி எடுக்கணும்."