சீனி புகாத வீடு

உடம்பிலுள்ள சீனியைக் கட்டுப்படுத்தும் கலையில், யாழ்ப்பாணக் கடலோரக் குருநகரில் எங்கள் ஒழுங்கையை மிஞ்ச உலகில் இன்னோர் இடம் இல்லை. இந்தச் சின்னத் தெருவில் எவரும் தேத்தண்ணியில் சீனி போட விடமாட்டார்கள். லட்டுவைக் கண்டால் சிலுவை அடையாளம் போட்டு விலகுவார்கள். இந்தக் கட்டுப்பாட்டின் சிகரம் என் தாய்மாமா மரியரட்ணம்.

அவரது அறுபதாவது பிறந்தநாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. பூசை முடிந்து எல்லோரும் மாமா வீட்டில் கூடினோம். மாமா கேக்கை வெட்டினார். விரலில் ஒட்டிய ஐசிங்கைக்கூடத் துடைத்தெறிந்தார். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் போடும் இன்சுலின் ஊசியை நேரம் தவறாமல் போட்டுக்கொண்டார். பிறகு சோற்றுக் கோப்பையை மரியாதையுடன் தள்ளிவைத்துவிட்டு, சாராயப் போத்தலைத் திறந்தார். கலப்பதற்கு இனிப்பில்லாத சோடா. கடிக்கக் கணவாய்ப் பொரியல். எதிலும் சீனி இல்லை.

இந்த 'வைத்திய முறை'யின் விஞ்ஞான அடிப்படையை மாமாவின் கூட்டாளி ஜெறோம் அங்கிள் விளக்கினார். அவரும் சீனி வருத்தக்காரர், ஆகவே நிபுணர்.

"ஊசியும் போட்டாச்சு, சோறும் இல்லை. பிறகு சீனி எங்காலை ஏறப்போகுது? சாராயம் கைக்கிற சாமான். பாவற்காய் மாதிரி."

சபை ஏகமனதாகத் தலையாட்டியது. ஆனாலும் உயர்கல்வியை மதிக்கும் சபை அது. என் பக்கம் திரும்பியது.

"ஷெரோன், நீ சயன்ஸ் படிச்சனி. சொல்லு பிள்ளை."

நாலு பேர் பார்த்தால் எனக்குக் குரல் வராது. மாமாவின் உயிர் என்பதால் வந்தது.

"ஊசி போட்டிட்டுச் சாப்பிடாமல் குடிச்சால், சீனி கடகடவெண்டு இறங்கும் மாமா."

சபை கைதட்டியது. பட்டதாரியே உறுதிப்படுத்திவிட்டாள் என்று ஜெறோம் அங்கிள் அறிவித்தார். அளவுக்கு மேல் இறங்கினால் ஆளே போய்விடும் என்ற மிச்சத்தையும் சொன்னேன். அது கிளாசுகள் முட்டிய சத்தத்தில் போயிற்று. என் படிப்பைக் கௌரவித்து மாமா இன்னொன்று ஊற்றினார்.

சீனி நான் சொன்னபடி இறங்கியது. மாமாவின் சட்டை வியர்வையில் ஒட்டியது. கை நடுங்கியது. நடுவீட்டில் நின்ற மாமியைப் பார்த்து, வள்ளத்தைக் கரைக்கு இழுக்கச் சொன்னார். சபை உடனடியாக நோயை நிர்ணயித்தது: குடிவெறி. சிகிச்சை: படுக்க விடுதல்.

"ஒருத்தரும் எழுப்பாதையுங்கோ," என்றார் ஜெறோம் அங்கிள். "நித்திரை கொண்டால் தெளியும்."

நான் மக்டலீன் மாமியிடம் சீனி கேட்டேன். மாமி நிமிர்ந்து நின்றா.

"இந்த வீட்டிலை சீனி இல்லைப் பிள்ளை. பனங்கட்டியும் இல்லை. நான் உள்ளுக்கை விடுறேல்லை."

இருந்தது கேக் மட்டும். ஐசிங்கை விரலால் வழித்து மாமாவின் உதட்டுக்குள் வைத்தேன். நல்லவேளை, விழுங்கினார். மறுபடி வழித்தேன். மாமி என் கையைப் பிடித்தா.

"விசரோடி உனக்கு? சீனி வருத்தக்காரனுக்குக் கேக் தீத்துறாய்."

நான் கையை இழுத்துக்கொண்டு தொடர்ந்து தீத்தினேன். கேக்கிலிருந்த பிறந்தநாள் வாழ்த்தில் பாதி எழுத்துகள் அழிந்தபோது மாமா கண்ணைத் திறந்து, ஏன் எல்லோரும் தன்னைச் சுற்றி நிற்கிறார்கள் என்று கேட்டார். நான் சோற்றை எடுத்துவந்து ஊட்டினேன்.

"பாத்தியளோ," என்றார் ஜெறோம் அங்கிள். "படுக்க விட்டதாலை தெளிஞ்சிட்டார்."

மறுநாள் கிளினிக்கில் மாமாவின் சீனி கூடியிருந்தது. சபை கூடி விசாரித்தது. சாராயம் குற்றமற்றது எனத் தீர்ப்பாயிற்று. குடித்த நேரம் முழுவதும் சீனி இறங்கித்தானே இருந்தது. குற்றவாளி ஐசிங். உடந்தை நான். மாமி இன்னும் என்னோடு சரியாகக் கதைப்பதில்லை.

இப்போது மாமா வீட்டில் விருந்தென்றால் கேக்கை என் கைக்கு எட்டாத அலுமாரியில் வைத்துப் பூட்டுகிறார்கள். போத்தலை மாமாவின் கைக்கு எட்டும் இடத்தில் வைக்கிறார்கள். எனக்கு ஒன்று மட்டும் நிச்சயம்: என்ன நடந்தாலும், என் மாமாவை அவர்கள் சீனி கூடிச் சாக விடமாட்டார்கள்.