ரீற்றாவின் பனியும் என் கட்டாக் கருவாடும்

படித்த முட்டாளைப் போல ஆபத்தானவன் கிடையாது. படிக்காத முட்டாள் வழி தெரியாவிட்டால் யாரையாவது கேட்பான். படித்தவன் தேசப்படத்தை விரித்துவைத்து, எதிர்த்திசையில் நடந்து, கூட வருகிறவளையும் இழுத்துக்கொண்டு போவான். நான் படித்தவன். என்னோடு வந்தவள் என் மனைவி ரீற்றா.

அறுபதுகளின் கடைசியில் நான் திருகோணமலைத் துறைமுகத்துக் கந்தோர் ஒன்றில் எழுதுவினைஞனாக இருந்தேன். எந்தக் கொடியோடு கப்பல் வந்தாலும் அந்த நாட்டின் தலைநகரம், ஆறு, விளைபொருள் எல்லாவற்றையும் சொல்லுவேன். (யாரும் கேட்பதில்லை. அதனால் என்ன, சொல்லுவேன்.) இவ்வளவு உலக அறிவு கொண்டவன் அதுவரை போயிருந்த ஆகத் தூரமான இடம் கொழும்பு. அங்கேயும் எனக்குத் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை.

அந்த நாட்களில் உப்புவெளிக் கடற்கரையில் ஒரு வெள்ளைக்காரச் சோடி வந்து குடிசை போட்டுத் தங்கியிருந்தது. அவனுக்கும் அவளுக்கும் ஒரே நீளத் தலைமயிர். ஆளுக்கொரு பை, அவ்வளவுதான் சொத்து. என் ஆங்கிலத்தைத் தீட்டிக்கொள்ளலாம் என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன். அவர்கள் லண்டனிலிருந்து தரை வழியாகவே துருக்கி, ஈரான், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், இந்தியா என்று வந்தவர்களாம். கோயில் மடங்களிலும் ரயில் நிலையங்களிலும் படுத்தார்களாம், கிடைத்ததைத் தின்றார்களாம். குளிக்காத இரண்டு பேர் உலகத்தின் பாதியைப் பார்த்துவிட்டார்கள்; ஒரு நாளைக்கு இரண்டு தரம் குளிக்கிற நான் எதிர்க்கரை மூதூருக்குப் படகில் போனால் வாந்தியெடுக்கிறேன். திரும்பி வரும்போது எனக்கு வயிறு எரிந்த எரிச்சலைச் சொல்லி முடியாது.

அடுத்த நாள் கந்தோரில் அறிவித்தேன். "நானும் மனிசியும் முதுகில பையைப் போட்டுக்கொண்டு காபூல் வரைக்கும் போகப்போறம்."

கிண்ணியாவைச் சேர்ந்த ஜப்பார் எனக்குப் பக்கத்து மேசை; வயதில் மூத்தவர், அதனால் எனக்கு நானா, அதாவது அண்ணன். அவர் பேனையைக் கீழே வைத்தார். "ஐசே, உமக்குப் பக்கத்துத் தம்பலகாமத்துச் சோறே செமிக்காது. காபூல்ல என்னத்தைத் தின்னப்போறீர்?"

"போற இடத்துச் சாப்பாட்டைத்தான் தின்ன வேணும், ஜப்பார் நானா. அதுதான் பயணம்."

"அப்ப சரி. வரேக்க எனக்குக் கொஞ்சம் பனி கொண்டு வாரும்."

பனி என்ற சொல்லை அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். ரீற்றாவுக்கு அது வேடிக்கை இல்லை. அவள் கொன்வென்ரில் தையல் படிப்பித்தாள். அவளுக்குத் தையல் பழக்கிய அயர்லாந்துக் கன்னியாஸ்திரி ஒருவர், தன் ஊரில் பனி விழுவதைச் சொல்லிச் சொல்லியே ஊசி பிடிக்கக் கற்றுக்கொடுத்தாராம். "சத்தமே இராதாம். நித்திரையால எழும்பிப் பாத்தா ஊரையே காணாதாம்" என்று ரீற்றா என்னிடம் சொல்லுவாள். நகை கேட்காதவள், சீலை கேட்காதவள். பயணம் என்றதும் கேட்டது ஒன்றுதான்: "எனக்கு ஒருக்காப் பனியைக் கையால தொட வேணும். மிச்ச நாடெல்லாத்தையும் நீங்கள் வைச்சுக்கொள்ளுங்கோ."

"இவ்வளவுதானே!" என்றேன். வாக்குக் கொடுப்பதில் நான் எப்போதும் தாராளம்.

அந்தக் காலத்தில் அரசாங்கம் வெளிநாட்டுக் காசைக் காதுக்கு மருந்து விடுகிற மாதிரித்தான் விடும். ஆகவே மடமும் தருமச் சாப்பாடும் என்று முடிவு செய்தேன். ரீற்றா, வெள்ளைக்காரக் கடற்படை விட்டுப்போன கித்தான் துணியில் இரண்டு பை தைத்தாள். கொஞ்சம் மிளகாய்த்தூளும் இடித்த சம்பலும் எடுப்போமா என்று கேட்டாள். போகிற இடத்துச் சாப்பாட்டைத்தான் தின்ன வேண்டும் என்று அரை மணித்தியாலம் பிரசங்கம் செய்தேன். பிரசங்கம் முடிந்து அவள் குசினிக்குள் போனதும், எண்ணெய்க் கடதாசியில் சுற்றிய ஒரு பொதி கட்டாக் கருவாட்டை என் பையின் அடியில், துவாயின் கீழ் செருகினேன். சோற்றோடு கருவாடு இல்லாவிட்டால் எனக்குக் கை வாய்க்குப் போகாது. உலகம் சுற்றப் போகிறவனுக்கு இதை வெளியே சொல்ல வெட்கம்.

தலைமன்னாரில் கப்பலேறி, இராமேஸ்வரத்தில் இறங்கி, மூன்றாம் வகுப்பில் நசிந்து நசிந்து கல்கத்தா போய், முதலில் ரீற்றாவின் பனி என்று அங்கிருந்து நேபாளத்துக்குப் பஸ் ஏறினோம். காட்மண்டுவில் இருந்த நாளெல்லாம் முகில். மலையிருக்க வேண்டிய இடத்தில் பழைய வேட்டி காயப்போட்ட மாதிரி ஒரு சாம்பல் நிறம்.

"அந்தா, அந்த முகிலுக்குப் பின்னால இருக்கு" என்று கையை நீட்டினேன். "கண்ட மாதிரித்தான்."

"அப்ப காபூலையும் இஞ்ச நிண்டே கண்ட மாதிரித்தான் எண்டுபோட்டுத் திரும்புவமே?" என்றாள் ரீற்றா.

அன்றைக்குத்தான் அவள் என் பையின் பக்கம் மூக்கைச் சுருக்கினாள். "இஞ்சாருங்கோ, உங்கட பைக்குள்ள ஏதோ செத்துக் கிடக்கு."

வேறு வழியில்லாமல் காட்டினேன். அவள் சிரித்து முடிக்க வெகுநேரம் எடுத்தது. பிறகு சொன்னாள், "இனி நாங்கள் படுக்கப்போறது மடங்களில. இதை எறியுங்கோ."

வெளியே போய்ச் சும்மா ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "எறிஞ்சிட்டன்" என்றேன்.

நேபாளத்திலிருந்து இறங்கி, மறுபடி இந்தியாவுக்குள் வந்து, கங்கைக் கரையில் இமயமலை தொடங்குகிற இடத்தில் ஓர் ஆசிரமத்துக்குப் போனோம். கேதார்நாத்துக்கு யாத்திரை போகிற பஸ் அங்கேயிருந்துதான் புறப்படும். பஸ் போகிற மட்டும் போய் மிச்சத்தை நடந்தால் மேலே, பாதையோரத்திலேயே பனி கிடக்குமாம். ஆனால் பஸ்ஸில் இடம் ஆசிரமத்து அடியார்களுக்குத்தான்.

ஆசிரமத்தின் பொறுப்பில் இருந்தவர் தஞ்சாவூர்ப் பக்கத்துச் சுவாமி. தமிழ் கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது. "எந்த ஊர்லேர்ந்து வர்றேள்?"

"இலங்கை. திருகோணமலை."

"திருகோணமலையா! கோணேசர் க்ஷேத்திரம்! தட்சிண கைலாசம்னா அது!" என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

அந்த இடத்தில் நேர்மையான ஒருவன், "ஓம் சுவாமி, ஆனால் நாங்கள் கத்தோலிக்கர்" என்று சொல்லியிருப்பான். நான் சின்ன வயதில் கோணேசர் மலையில் ஏறியதே கப்பல் பார்க்கத்தான். ஆனால் என் வாய் திறந்தது. தெற்குக் கைலாசத்தின் அடிவாரத்தில் பிறந்த நான் வடக்குக் கைலாசத்தைத் தரிசிக்கக் காடு மலை கடந்து வந்திருக்கிறேன் என்று சொன்னது. என் பெயர் கோணேசபிள்ளை என்றும் சொன்னது. (மாதா கோயில் ஞானஸ்நானப் பதிவில் நான் பொனிப்பாஸ்.)

அறைக்குள் வந்ததும் ரீற்றா கேட்டாள், "அப்ப நான் ஆர்?"

"நீர் மாதுமை. கோணேசருக்குப் பக்கத்தில அம்மன் மாதுமைதானே."

"என்ர செபமாலையை என்ன செய்யிறது?"

"சட்டைக்குள்ள விடும். உமக்குப் பனி வேணுமோ, வேண்டாமோ?"

அவள் செபமாலையை உள்ளே விட்டாள். பஸ்ஸில் எங்கள் இருவருக்கும் இடம் கிடைத்தது. அவளுக்கு யன்னல் பக்கம்.

புறப்படும் வரை எங்களுக்கு நடந்த மரியாதையைச் சொன்னால் இப்போதும் கூசுகிறது. வெள்ளைத் துண்டு போர்த்தினார்கள். காலில் விழுந்தார்கள். நான் கண்ணை அரைவாசி மூடிக்கொண்டு ஆசீர்வதித்தேன். சாப்பாட்டு வேளையில் பருப்பையும் உருளைக்கிழங்கையும் கண்டால் மட்டும் என் பக்தி தளரும். யாரும் காணாமல் ஒரு துண்டு கருவாட்டை உள்ளங்கையில் மறைத்துச் சோற்றோடு உருட்டி விழுங்குவேன். அந்த ஆசிரமத்தில் பூனைகள் அதிகம். அவை நான் போகிற இடமெல்லாம் வந்தன. நான் தியானத்தில் இருந்தால் மடியில் ஏறி, விரல்களை நக்கின.

"பாருங்கோ, வாயில்லா ஜீவன்கூட ஒங்களை அடையாளம் கண்டுண்டிருக்கு" என்றார் சுவாமி.

"எல்லாம் அவன் செயல்" என்றேன். ரீற்றா என்னை ஒரு பார்வை பார்த்தாள். என்றாலும் எறிந்துவிட்டேன் என்று சொன்ன புருஷனை அவள் நம்பினாள்.

புறப்படுகிற காலை. பஸ் முற்றத்தில் நின்றது. ரீற்றா எல்லோருக்கும் முதல் ஏறி யன்னலோரம் இருந்துவிட்டாள். மூன்று சீலையை ஒன்றின்மேல் ஒன்றாகச் சுற்றியிருந்தாள். பக்கத்தில் இருந்த குஜராத்தி அம்மா ஒருவர் தன் கம்பளிச் சால்வையை எடுத்து அவளுக்குப் போர்த்திவிட்டார். மொழி தெரியாமலே இருவரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

வழியனுப்புவதற்காக முற்றத்தில் போட்டிருந்த மேடையில் என்னை இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். இரண்டு வார்த்தையோடு நிறுத்துகிற ஆளா நான்? பையைக் காலடியில் வைத்துவிட்டு முழங்கினேன். சுவாமி என் தமிழை இந்தியில் சொன்னார். பேச்சின் உச்சியில், "ஏழு தலைமுறையாக எங்கள் வீட்டு முற்றத்தில் ஒரு மீன் முள்ளுகூட விழுந்ததில்லை" என்றேன்.

சுவாமி அதை இந்தியில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே என் நாலுகால் அடியார்கள் பையில் ஏறிவிட்டார்கள். கடற்படையின் கித்தான் பீரங்கிக்கு நின்றிருக்கும், பூனைக்கு நிற்கவில்லை. துவாய் வந்தது, எண்ணெய்க் கடதாசி வந்தது, பிறகு வட இந்தியா அதுவரை கண்டிராத மணத்தோடு கட்டாக் கருவாடு மேடை விரிப்பில் பரவியது. முன்வரிசை எழுந்து பின்வரிசைக்குப் போனது. பின்வரிசை தெருவுக்குப் போனது.

சுவாமி குனிந்து ஒரு துண்டைப் பார்த்தார். "என்ன இது?"

"அது... எங்கட ஊர் மூலிகை, சுவாமி."

"வால் இருக்கிற மூலிகையா?"

நான் அந்த வாலைத் துவாயால் மூடினேன். அவர் பஸ் பக்கம் திரும்பி, "அம்மா, நீங்களாவது சொல்லுங்கோ. யார் நீங்க?" என்று கேட்டார்.

ரீற்றா செபமாலையைச் சட்டைக்குள்ளிருந்து வெளியே எடுத்தாள். "நாங்கள் கிறிஸ்தவர், சுவாமி. என்ர பேர் ரீற்றா. எனக்குப் பனியைத் தொட ஆசை. அதுக்குத்தான் பேசாமல் இருந்தனான். பிழைதான்."

குஜராத்தி அம்மா என்ன நடக்கிறது என்று கேட்டார், சொன்னார்கள். அவர் ரீற்றாவின் கையை விடவில்லை.

"மலை எல்லாருக்கும் பொதுதான்" என்றார் சுவாமி கடைசியில். "அம்மா போகட்டும். நீங்க இங்கேயே இருங்கோ. இந்த இடத்தைக் கழுவ ஆள் வேணும்."

நான் எத்தனையோ முறை இந்தக் கதையைச் சொல்லியிருக்கிறேன். இந்த இடத்தில் நிறுத்தி, சனம் சிரித்து முடிய எழுந்து போய்விடுவேன். சிரிப்புக்கு உதவாத மிச்சத்தையும் இன்றைக்கு எழுதிவிடுகிறேன்.

ரீற்றாவின் முகம் வெளிச்சமாகியது. எனக்கோ அந்தக் கணத்தில் கண்ணுக்குள் வந்தவர் ஜப்பார். "மனிசி இமயமலையில பனி அள்ளினவ. நீர் எங்க நிண்டீர், ஐசே?" "மேடை கழுவினனான், நானா." இதுதான் வந்தது. அவளுடைய பாதுகாப்பு, அந்நிய தேசம், ஒற்றைப் பெண் என்று பின்னாளில் நான் சொன்ன காரணமெல்லாம் பிறகு தைத்த துணி.

பஸ் யன்னலுக்குக் கீழே போய் நின்று, "இறங்கும்" என்றேன்.

"இஞ்சாருங்கோ, ஒரு கிழமைதானே. இதிலயே இருங்கோ, வந்திடுவன்."

"தனியப் போக ஏலாது. இறங்கும்."

"நான் தனிய இல்லையே" என்றாள், அந்த அம்மாவைக் காட்டி.

"இறங்கும் எண்டு சொன்னன்."

அவள் சால்வையை எடுத்து, தையல்காரியின் கையால் மூலைக்கு மூலை மடித்து, அந்த அம்மாவின் மடியில் வைத்துவிட்டு இறங்கினாள். பஸ் போனது. முற்றத்தில் பூனைகள் இன்னும் தின்றுகொண்டிருந்தன. அன்றைக்கு அங்கே திருப்தியாக இருந்தவை அவை மட்டும்தான்.

இவ்வளவுக்குப் பிறகும் நான் திருந்தவில்லை. காபூல் வழியில் இன்னும் ஒரு நாட்டையாவது மிதித்தால்தான் கந்தோருக்குள் நுழையலாம் என்று எல்லையைக் கடந்து லாகூருக்கு இழுத்துக்கொண்டு போனேன். அங்கே வெயிலில் தார் உருகிச் செருப்பில் ஒட்டியது. ரீற்றா ஒரு மர நிழலில் பையை வைத்துவிட்டு, நெற்றியைத் துடைத்துக்கொண்டு கேட்டாள், "இஞ்ச பனி எந்தப் பக்கம்?" காபூலை அந்த மரத்தடியிலேயே கைவிட்டோம்.

ஊருக்கு வந்து கந்தோரில் இமயத்தைப் பற்றி ஒரு முழு நாள் பேசினேன். பின்னேரம் ஜப்பார் சந்தையில் ரீற்றாவைக் கண்டு, "தங்கச்சி, பனி எப்பிடி, குளிரோ?" என்று கேட்டிருக்கிறார். "இவரைக் கேளுங்கோ நானா. இவர்தான் என்னை இறக்கினவர்" என்று தொடங்கி அவள் முழுவதையும் சொன்னாள். ஜப்பார் மீன் கடைத் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்ததை ஊரே பார்த்தது. நான் இளைப்பாறிப் பென்சன் எடுக்கும் வரை கந்தோரில் எனக்குப் பெயர் மூலிகை.

பிறகு எங்களுக்குப் பிள்ளைகள் பிறந்தார்கள். மார்கழியில் எங்கள் மாதா கோயில் பங்கில் எல்லா வீட்டிலும் யேசு பாலன் குடில் கட்டி, கூரையில் பஞ்சை உதிர்த்துப் பனி என்பார்கள். எங்கள் குடிலின் கூரை மட்டும் வெறும் தென்னங்கிடுகு. ரீற்றா ஒரு வருஷமும் பஞ்சு வைக்க விட்டதில்லை. பார்க்க வருகிறவர்கள் ஏன் என்று கேட்டால் என் மகளால் வாயை வைத்துக்கொண்டிருக்க ஏலாது. "பனி வந்துகொண்டுதான் இருந்தது. அப்பா பஸ்ஸால இறக்கிப்போட்டார்" என்பாள். இப்போது பேரப்பிள்ளைகளும் அதைச் சொல்லப் பழகிவிட்டார்கள். நானும் கதிரையில் இருந்து சிரிக்கிறேன். சிரிக்காவிட்டால் இன்னும் மோசம்.

போன மார்கழியில் நானே கடைக்குப் போய் ஒரு பொதி பஞ்சு வாங்கி வந்தேன். "ரீற்றா, இந்த முறை கூரைக்குக் கொஞ்சம் போடுவமே?" என்று கேட்டேன்.

அவள் பொதியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நல்ல பஞ்சு" என்றாள். "காயம் துடைக்க உதவும்" என்று அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டாள்.