ராகு காலத்தில் ஆட்சேபணை சொன்ன மீட்டர்

இந்தக் கிள்ளான் பள்ளத்தாக்கில் தண்ணீரைப் பற்றிப் பேசத் தகுதியுள்ளவர் ஒரே ஒருவர்தான். அவர் மந்திரியும் இல்லை, இன்ஜினியரும் இல்லை. எங்கள் தாமானில், அதாவது எங்கள் குடியிருப்பில், எல்லாரும் மீட்டர் என்று கூப்பிடுகிறவர். முப்பது வருடத்துக்கு மேல் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் ரீடிங் எடுத்த ஆள். ஓய்வு பெற்ற மறுநாள் காலையும் ஏழு மணிக்குத் தெருவில் இறங்கி ரீடிங் எடுத்தார். ஏன் என்று கேட்டதற்கு, "வேலைதான் போச்சு அண்ணே. மீட்டர் ஓடிக்கிட்டுத்தானே இருக்கு" என்றார்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். லோரியில் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மூட்டை இறக்கும் கெலிண்டானாக ஏறி, எட்டு லோரிக்கு முதலாளியாக இறங்கினேன். யாரும் கை கொடுக்கவில்லை; நானும் கேட்கவில்லை. இந்தத் தாமானில் வீட்டை முன்னும் பின்னும் இழுத்துக் கட்டிய முதல் ஆளும் நான்தான். ஒரு மனிதனைப் பார்த்த மாத்திரத்தில் எடை சொல்லிவிடுவேன். அப்படிப்பட்ட நான் மீட்டரைப் பல வருடம் தப்பாக எடை போட்டுவிட்டேன்.

அவர் கையில் எப்போதும் ஒரு நீளக் கம்பி இருக்கும். மீட்டர் மூடியைத் தூக்குவதற்கு. எங்கள் தெரு நாய்கள் போலீஸைப் பார்த்தால் குரைக்கும், தபால்காரரைத் துரத்தும், மீட்டரைக் கண்டால் காருக்கடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். யாரையும் அவர் நலம் விசாரித்தது கிடையாது. "நேத்து உங்க வீட்டுல யாரு அவ்வளவு நேரம் குளிச்சது?" என்றுதான் கேட்பார். பதில் சொல்லாமல் நகர முடியாது.

என் மகள் கல்யாணம் பிரிக்பீல்ட்ஸில் ஒரு மண்டபத்தில் நடந்தது. மீட்டர் பந்தியில் உட்காராமல், கை கழுவும் இடத்தில் போய் நின்றுகொண்டார். ஒவ்வொருவர் கழுவி முடித்ததும் பைப்பை இறுக்கி மூடினார். மாப்பிள்ளை வீட்டார் அவரை மண்டபத்து ஆள் என்று நினைத்துத் துண்டு கேட்க, அதையும் எடுத்துக் கொடுத்தார். கடைசியில் சம்பந்தி கை கழுவ வந்தார். மீட்டர் அவர் முகத்தை உற்றுப் பார்த்து, "நீங்க சுபாங் ஜெயா தானே? உங்க வீட்டுக்கு நான் ரெண்டு வருஷம் வந்திருக்கேன். பூமிக்கு அடியில எங்கேயோ ஒழுகுது, பாருங்க" என்றார். சம்பந்தி ஆள் வைத்துத் தோண்டிப் பார்த்தார். ஒழுகியிருக்கிறது. அந்த மனிதர் என்னோடு ஒரு மாதம் பேசவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நினைத்தாலே எனக்கு ரத்தம் கொதிக்கிறது.

மூன்று வருடத்துக்கு முன் எங்கள் திடலின் பின்வேலியில், சாக்கடையைப் பார்த்தபடி ஒரு அறிவிப்புப் பலகையை நட்டிருந்தார்கள். சாலையில் போகிறவன் கண்ணில் படாது. சாக்கடைதான் படிக்க வேண்டும். எங்கள் தாமானில் சாக்கடை ஓரமாக நடக்கிற ஒரே மனிதர் மீட்டர் என்பதால் தப்பித்தோம். அவர் படித்துவிட்டு நேராக என் வீட்டுக் கேட்டைக் கம்பியால் தட்டினார். போய்ப் பார்த்தேன். திடலையும் அதை ஒட்டிய காலி நிலத்தையும் உயர் அடர்த்திக் குடியிருப்பு நிலமாக மாற்றப் போகிறார்களாம். நாற்பது மாடியில் மூன்று கோபுரம் வருமாம். ஆட்சேபணை உள்ள வீட்டு உரிமையாளர்கள் முப்பது நாளுக்குள் எழுதித் தர வேண்டுமாம். அதில் பன்னிரண்டு நாளைச் சாக்கடை படித்து முடித்திருந்தது.

நாங்கள் ஒன்றும் அடுக்குமாடிக்கு எதிரிகள் இல்லை. என் மகனே பதினேழாவது மாடியில்தான் இருக்கிறான். ஆனால் ஒரு தெருவின் தலையில் மூன்று கோபுரத்தை வைக்கும் முன், அந்தத் தெருவின் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா?

கேட்டோம் என்று காட்டுவதற்காகக் கட்டட நிறுவனம் எங்கள் தாமான் மண்டபத்தில் ஒரு கருத்துக் கேட்புக் கூட்டம் வைத்தது. தமிழில் ஏமாற்றினால் வலிக்காது என்று நினைத்து, டை கட்டிய நம் ஆள் ஒருவரையே அனுப்பியிருந்தார்கள். ஆளுக்கு ஒரு நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம், நிரப்பிக் கொடுக்க ஒரு பாரம். பாரத்தில் ஒரே கேள்வி. நீச்சல் குளம், உடற்பயிற்சிக் கூடம், நடைபாதை, இதில் எது உங்களுக்கு அதிகம் பிடிக்கும்? எதுவும் வேண்டாம், திடலை விட்டுப் போங்கள் என்பதற்குக் கட்டமே இல்லை.

மீட்டர் பேனாவை வாங்கி, நீச்சல் குளத்துக்குப் பக்கத்தில், இதற்குத் தண்ணீர் எங்கிருந்து என்று எழுதி நீட்டினார்.

"அதெல்லாம் டெக்னிக்கல் அங்கிள்" என்றார் டைக்காரர்.

"பைப்ல தண்ணி வரலன்னா எங்க வீட்டுல டெக்னிக்கல்னு சொல்ல மாட்டோம் தம்பி. குளிக்கலன்னு சொல்லுவோம்."

ஆனால் எங்கள் ஆட்களில் பாதிப்பேர் நீச்சல் குளத்துக்குக் கோடு போட்டுவிட்டுப் பொட்டலத்தோடு நடையைக் கட்டினார்கள். மறுவாரம் அந்தப் பாரங்களை வைத்தே, குடியிருப்பாளர்களில் பெரும்பாலோர் வரவேற்கிறார்கள் என்று வழவழப்பான தாளில் அச்சடித்து வீடு வீடாகப் போட்டார்கள். என் எட்டு லோரியையும் கொண்டுபோய் அந்த நிறுவனத்தின் வாசலில் நிறுத்தலாம் என்று சாவியைக் கையில் எடுத்தேன். மீட்டர்தான் வேண்டாம் என்று தடுத்தார். கடிதம் எழுதலாம் என்றார்.

தண்ணீரைப் பிடித்துக்கொண்டு அவர் தொங்கியதற்குக் காரணம் உண்டு. எங்கள் தாமான் மேட்டுப்பாங்கானது. உச்சியில் கடைசி வீடு மல்லிகா அக்காவுடையது. கணவர் இல்லாதவர். கடைகளுக்குத் தோசை மாவு அரைத்துக் கொடுத்துத்தான் இரண்டு பெண்களைப் படிக்க வைக்கிறார். காலை ஆறு மணிக்குக் கீழே நாங்கள் எல்லாரும் பைப்பைத் திறந்தால், மேலே அக்கா வீட்டில் தண்ணீர் நூலாகிவிடும். இதே குழாயில் மூன்று கோபுரம் வாய் வைத்தால் அந்த நூலும் அறுந்துவிடும். அரிசி ஊறாது, மாவு கிடையாது, பிழைப்பும் கிடையாது.

மீட்டர் வீடு வீடாக ஏறி ஆட்சேபணைக் கடிதம் கேட்டார். நம் ஜனங்களைப் பற்றித்தான் தெரியுமே. ஒருவர் பக்கத்து வீட்டு ரம்புத்தான் மரம் தன் கூரையில் இலை கொட்டுவதைப் பற்றி எழுதினார். இன்னொருவர் எதிர்வீட்டு கராவோகே பற்றி இரண்டு பக்கம் எழுதினார். ஒரு அம்மாள் மகளுக்கு வேலை மாற்றல் கேட்டிருந்தார். மீட்டர் எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்து, காலையில் உங்கள் வீட்டில் எத்தனை மணிக்குத் தண்ணீர் மெலிகிறது, அதை மட்டும் எழுதுங்கள் என்றார். நாற்பத்தொரு கடிதம் சேர்ந்தது. எங்கள் சார்பில் பேசுகிறவர் என்ற இடத்தில் எல்லாரும் அவரையே போட்டார்கள். யாருக்கும் எழுந்து நின்று பேசத் தைரியம் இல்லை.

நகராண்மைக் கழகத்தில் ஆட்சேபணையைக் கேட்கும் நாள் ஒரு வெள்ளிக்கிழமை, காலை பதினொரு மணி. எல்லாரையும் ஏற்றிப் போக நான் இரண்டு வேன் பிடித்தேன். பத்தரைக்கே போய் இறங்கிவிட்டோம். அப்போதுதான் எனக்கு உறைத்தது. வெள்ளிக்கிழமை பத்தரை முதல் பன்னிரண்டு வரை ராகு காலம். என் எட்டு லோரியில் ஒன்றுக்குக்கூட நான் ராகு காலத்தில் கையெழுத்துப் போட்டதில்லை. அரசாங்கக் கூட்டம் என்றைக்கு நேரத்துக்குத் தொடங்கியிருக்கிறது, பன்னிரண்டு அடித்ததும் கம்பீரமாக ஏறுவோம் என்று சொல்லி, எல்லாரையும் கீழே கேண்டீனில் உட்கார வைத்துத் தே தாரிக் டீ வாங்கிக் கொடுத்தேன்.

மீட்டர் உட்காரவில்லை.

"ஆபீசுக்கு ராகு காலம் தெரியாதுலா அண்ணே."

"எனக்குத் தெரியும்லா. உக்காருய்யா."

மல்லிகா அக்கா எழுந்து கைப்பையை மாட்டிக்கொண்டார். "எனக்குத் தெனம் காலைல ஆறு மணிக்குத்தான் ராகு காலம். வாங்க மீட்டர், நாம போவோம்."

இரண்டு பேரும் லிப்டில் ஏறிப் போனார்கள். வாசலில் காவலர் அந்தக் கம்பியைப் பிடுங்கி வைத்துக்கொண்டாராம்.

பன்னிரண்டு அடித்து ஐந்து நிமிடம். நான் தலைமை தாங்கி எல்லாரையும் மேலே அழைத்துப் போனேன். அறையில் விளக்கை அணைத்துக்கொண்டிருந்தார்கள். அதிகாரிகள் சொங்கோக் தொப்பி போட்டுக்கொண்டு வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். வெள்ளிக்கிழமை பன்னிரண்டேகாலுக்குப் பிறகு இந்த நாட்டில் எந்த ஆபீஸ் திறந்திருக்கும்? பிறந்ததிலிருந்து இங்கேயே கிடக்கும் எனக்கு அது ஞாபகம் வரவில்லை. அந்தப் பலகையை நட்டவனை விட அன்று என்னைத்தான் நான் அதிகம் திட்டினேன்.

உள்ளே நடந்ததை வேனில் மல்லிகா அக்கா சொன்னார். தலைமை அதிகாரி ஒரு மலாய்க்கார அம்மாள்; புவான் என்றுதான் மரியாதையாகக் கூப்பிட வேண்டும். நாற்பத்தொரு வீட்டையும் ஒவ்வொன்றாகக் கூப்பிட்டிருக்கிறார். ஒவ்வொரு தடவையும் மீட்டர் எழுந்து நின்று, ரீடிங் குறித்து வைக்கிற நோட்டுப் புத்தகத்தைத் திறக்காமலே, அந்த வீட்டில் எத்தனை மணிக்குத் தண்ணீர் மெலியும், எத்தனை மணிக்குத் திரும்பும் என்று மலாயில் சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கிறார். பத்தாவது வீட்டில் டைக்காரர் சிரித்தார். இருபதாவது வீட்டில் புவான் அவரைச் சிரிக்க வேண்டாம் என்றார். கடைசியில் டைக்காரர் எழுந்து, தங்கள் ஆட்கள் அளந்துவிட்டார்கள், தண்ணீர் அழுத்தம் போதுமான அளவு இருக்கிறது என்று அறிக்கையை நீட்டினார். எத்தனை மணிக்கு அளந்தீர்கள் என்று மீட்டர் கேட்டார். மத்தியானம் இரண்டு மணி என்றார் அவர். அந்த நேரத்தில் எங்கள் தெருவில் ஆளே இருக்க மாட்டார்கள், யானையைக்கூடக் குளிப்பாட்டலாம், காலை ஆறு மணிக்கு வாருங்கள் என்றாராம் மீட்டர். புவான் அந்த அறிக்கையை மூடி வைத்துவிட்டு, நானே வருகிறேன் என்றாராம்.

போன மானத்தை மீட்க நான் ஒரு திட்டம் போட்டேன். புவான் வரும் அன்று தாமானில் உள்ள எல்லாப் பைப்பையும் ஒரே நேரத்தில் திறந்துவிடுவது. மேட்டில் ஒரு சொட்டு இருக்காது. மீட்டர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

"வேணாம் அண்ணே. பொய் சொல்லித் தோத்துட்டா அப்புறம் நெசத்தையும் நம்ப மாட்டாங்க."

புவான் சொன்னபடி ஆறு மணிக்கு வந்தார். மல்லிகா அக்கா டீ போடப் பானையைப் பைப்புக்கடியில் வைத்தார். நூலாக வந்த தண்ணீர் பானையின் பாதிக்கு ஏறுவதற்குள் புவான் வீட்டைச் சுற்றிப் பார்த்து, ஊற வைத்த அரிசியைப் பற்றி விசாரித்து, இரண்டு பெண்களின் படிப்பையும் கேட்டு முடித்துவிட்டார். டீ குடிக்காமலே போனார். இரண்டு மாதத்தில் கடிதம் வந்தது. குழாய் மாற்றும் வரை விண்ணப்பம் நிறுத்தி வைக்கப்படுகிறது.

தாமானே கொண்டாடியது. அந்தக் கூத்தில்தான் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. எங்கள் தாமானில் நாற்பத்திரண்டு வாசல். கடிதம் நாற்பத்தொன்று. எழுதாதது எந்த வீடு என்று விசாரித்தால், மீட்டர் வீடு. அவர் அங்கே வாடகைக்கு இருந்தார். உரிமையாளர் ஸ்ரீ கெம்பாங்கானில் இருக்கிறவர். கோபுரம் வந்தால் வீட்டை நல்ல விலைக்குத் தள்ளிவிடலாம் என்று காத்திருந்த ஆள். தன் வீட்டில் குடியிருப்பவரே காரியத்தைக் கெடுத்தார் என்று தெரிந்ததும், மாதக் கடைசிக்குள் காலி பண்ணச் சொல்லிவிட்டார். இது என்ன நியாயம்? நாற்பத்தொரு குடும்பத்துக்காகப் பேசியவருக்குத் தனக்காகப் பேச உரிமை இல்லையாம். இருந்த இடமும் இல்லையாம்.

ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று அவரைப் பிடித்துத் திட்டினேன்.

"கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். நீங்க ராகு காலம் பாத்துக்கிட்டு இருந்தீங்க."

கம்போங் மேடானில் ஒரு பிளாட்டில் அறை பார்த்துவிட்டதாகவும், சாமான் ஏற்ற லோரி மட்டும் வேண்டும் என்றும் சொன்னார். அனுப்பினேன். ஒரு கட்டில், ஒரு அடுப்பு, பெட்டி பெட்டியாக நோட்டுப் புத்தகம். லோரி தெருமுனையில் திரும்பி என் வீட்டுக்குள் நுழைந்தது. பின்கட்டு அறையில் எல்லாவற்றையும் இறக்கச் சொன்னேன். மூன்று நாள் என்னைத் திட்டினார். லோரி என்னுடையது; அது எங்கே நிற்க வேண்டும் என்று நான்தான் சொல்வேன்.

போன மாதம் மறுபடியும் பலகை நட்டிருக்கிறார்கள். குழாய் மாற்றியாகிவிட்டதாம். யார் வீட்டில் மாற்றினார்களோ தெரியவில்லை. இந்தத் தடவை உரிமையாளரோடு, வீட்டில் இருக்கும் குடும்பத்தாரும் பெயர் கொடுத்து ஆட்சேபணை சொல்லலாமாம். நானே பாரத்தை நிரப்பிக்கொண்டு, மீட்டர் வந்தால் அங்கே ஒவ்வொரு பைப்பையும் இறுக்கிக்கொண்டு மானத்தை வாங்கிவிடுவார் என்று அவரை விட்டுவிட்டு, தனியாகக் கழகத்துக்குப் போனேன். என் பெயருக்குக் கீழே அவர் பெயர். உறவு என்ற கட்டத்தில், தம்பி.

கவுண்டரில் இருந்த நம் பெண் சாப் அடிக்க முத்திரைக் கட்டையை எடுத்துவிட்டு, இரண்டு பெயரையும் விரல் வைத்துப் படித்தாள்.

"அப்பா பேரு வேற வேறயா இருக்கே அங்கிள்?"

"ஆமாம்மா, வேற வேறதான்" என்றேன். "நீ சாப் அடி."